நின்று நின்று நடந்தவர்

அண்ணையை நினைக்கும்போது அவர் நடப்பது எனக்கு ஞாபகம் வருவதில்லை, நிற்பதுதான் வருகிறது. மொன்றியலில், ஜோன்-தலோன் வீதியில் கலியாண உடுப்புக் கடையின் கண்ணாடிக்கு முன்னால், காது மூடிய தொப்பியோடு, இரண்டு கைகளையும் ஜாக்கெட் பைக்குள் விட்டபடி நிற்பார். உள்ளே ஒரு பொம்மை வெள்ளைக் கவுன் போட்டுக்கொண்டு நிற்கும். பேத்தி கண்ட மனுசனுக்குக் கலியாணக் கடையில் என்ன அலுவல் என்று வீதியில் போகிற எங்கள் சனம் திரும்பிப் பார்க்கும். அவர் திரும்பமாட்டார். ஒருநாள் நானே போய்க் கேட்டேன்.

"என்ன அண்ணை, ஆருக்குப் பாக்கிறியள்?"

"இந்தப் பொம்பிளைக்குத் தலை இல்லைப் பிள்ளை," என்றார், பொம்மையிலிருந்து கண்ணை எடுக்காமல். "முகத்தைப் பாக்காமல் என்னண்டு கலியாணம் பேசினவை?"

அவருடைய பெயரை நான் எழுதப் போவதில்லை. எழுதினால் யாராவது அக்காவுக்கு வாசித்துக் காட்டுவார்கள். அக்கா என்றால் அவருடைய மனைவி. அன்று பின்னேரமே எனக்கு ஃபோன் வரும், அது சுலபத்தில் முடிகிற ஃபோன் அல்ல. இப்போது அவர்கள் இருவரும் மகளோடு புரோசார்ட்டில் இருக்கிறார்கள். அதற்கு முதல் பல வருடங்கள் பார்க் எக்ஸ்டென்ஷனில் ஒரே வீட்டில் அவர்கள் கீழ்த்தளத்திலும் நான் மேல்தளத்திலும் இருந்தோம். அவர்கள் மன்னார்க் கத்தோலிக்கர், நான் யாழ்ப்பாணத்துச் சைவம். கீழே மீன் பொரிக்கிற நாட்களில் மேலே நான் வெறும் சோற்றை வைத்துக்கொண்டு வாசத்தோடு சாப்பிட்டிருக்கிறேன்.

அண்ணை லாசாலில் ஒரு பிளாஸ்ரிக் தொழிற்சாலையில் இயந்திரத்துக்கு முன்னால் நிற்கிற வேலை செய்தார். நிற்பது அவருக்கு ஒரு பிரச்சினையே இல்லை. வேலை முடிந்து வந்து, தேத்தண்ணி குடித்துவிட்டு, பின் சந்தில் ஒரு சிகரட் பிடித்துவிட்டு, அக்காவை நடக்கக் கூட்டிக்கொண்டு போவார். மழையோ பனியோ, ஒரு பின்னேரமும் தவறியதில்லை.

அக்காவுக்குச் சீனி வருத்தம். மாத்திரை மட்டும் போதாது, ஒவ்வொரு நாளும் நடந்தே ஆகவேண்டும் என்று டொக்டர் கண்டிப்பாகச் சொல்லியிருந்தார். அக்கா தனியே நடக்கமாட்டார். முதலில் வெட்கம் என்றார். பிறகு நாய்க்குப் பயம் என்றார். கடைசியில், தனியே நடக்கிற பொம்பிளையைக் கண்டால் வீட்டில் புருசனோடு சண்டை என்று சனம் கதைக்கும் என்றார். அண்ணை கூடப் போனால் மட்டும் போவார். போகும்போது மெற்றோவைப் பிடிக்க ஓடுகிறவர் மாதிரி நடப்பார். கூட வருகிறவர் வருகிறாரா என்று திரும்பிப் பார்க்கிற பழக்கம் அவருக்கு இல்லை.

அண்ணை புறப்படும்போது நன்றாகத்தான் நடப்பார். மருந்துக்கடை வரைக்கும் இருவரும் சோடியாகப் போவார்கள். அதற்குப் பிறகு, "கொஞ்சம் நிண்டு பாப்பம்" என்பார். இது அவருடைய வாக்கியம். சேலைக் கடையில் நின்று பார்ப்பார். அடுத்தது கைபேசி திருத்துகிற கடை. பிறகு கலியாணக் கடை. பிறகு செத்தவீடு நடத்துகிறவர்களின் கண்ணாடி. அங்கே பார்ப்பதற்கு ஒரு பூச்சாடியும் திரைச்சீலையும் தவிர வேறு எதுவும் இல்லை, ஆனாலும் நின்று பார்ப்பார். அக்கா முன்னால் போய் ஒரு மூலையில் நின்று சத்தம் போடுவார்.

"இஞ்சாருங்கோ! கடை முழுக்க வாங்கப் போறியளோ?"

"நீர் போம், நான் பின்னால வாறன்."

அந்த வீதியில் எந்தக் கடையில் என்ன புதிதாக வந்திருக்கிறது என்று தெரியவேண்டுமானால் அண்ணையைக் கேட்டால் போதும். எந்தச் சேலை விலைபோகாமல் தைப்பொங்கலிலிருந்து தொங்குகிறது, எந்த டெப்பனரில், அதுதான் மூலைக்கடையில், பூனை மாறியிருக்கிறது, எல்லாம் சொல்லுவார். அக்கா அதற்குக் கடைவிசர் என்று பெயர் வைத்திருந்தார். "இந்த மனுசனுக்கு ஊரில சந்தைக்குப் போகவே பஞ்சி. கனடாவுக்கு வந்து கடைவிசர் பிடிச்சிட்டுது" என்பார். ஊர்ச்சனம் வேறு கதைகளும் கதைத்தது. அதை விடுவோம்.

சும்மா பார்த்துக்கொண்டே நின்றால் கடைக்காரர் ஒருமாதிரிப் பார்ப்பார்கள் அல்லவா? அதனால் இடைக்கிடை உள்ளே போய் ஏதாவது வாங்கியும் வருவார். ஒருமுறை பாகிஸ்தான்காரரின் கடையில் ஒரு பச்சைச் சுவர்மணிக்கூடு வாங்கி வந்தார். கோபுரம் வைத்த, மினுங்குகிற, அழகான மணிக்கூடு. ஆணியடித்து மாதா படத்துக்குப் பக்கத்தில் மாட்டியும் விட்டார். அன்று பின்னேரம் அது தொழுகைக்குக் கூப்பிட்டது. அக்கா குசினியிலிருந்து அகப்பையோடு ஓடிவந்தார். நான் மேலே சோபாவில் விழுந்து சிரித்தேன். அந்தச் சத்தத்தை நிறுத்துகிற வழி அண்ணைக்குத் தெரியவில்லை, கழற்றி எறியவும் மனம் வரவில்லை. "அதுவும் கடவுளைத்தானே கூப்பிடுது, கிடக்கட்டும்" என்றுவிட்டார். அதற்குப் பிறகு அந்த வீட்டில் செபமாலை சொல்லும்போது அந்த மணிக்கூடும் சேர்ந்துகொள்ளும்.

நான் இவர்களுக்கு மேலே இருந்த காலத்தில் ஒரு மேல்நிலைப் பாடசாலையில் விஞ்ஞானம் படிப்பித்தேன். இப்போதும் அதுதான் செய்கிறேன். தமிழில் படித்ததைப் பிரெஞ்சில் சொல்லிக் கொடுத்து, ஆங்கிலத்தில் பதில் வாங்குகிற உத்தியோகம். அதில் எனக்கு மிகவும் பிடித்த பாடம் கலச்சுவாசம். உடம்பில் கலம் என்கிற ஒவ்வொரு உயிரணுவும் தனக்கு வேண்டிய சக்தியைத் தானே செய்துகொள்கிறது. ஒட்சிசன் ஒழுங்காக வந்து சேர்ந்தால் குளுக்கோசை இழைமணி என்கிற சின்ன உறுப்புக்குள் கொண்டுபோய்க் கடைசிவரை எரித்து, முப்பது பங்கு சக்தி எடுக்கும். மிஞ்சுவது தண்ணீரும் நாங்கள் வெளியே விடுகிற மூச்சும்தான். ஒட்சிசன் வராவிட்டால் கலம் கையைக் கட்டிக்கொண்டு இருப்பதில்லை. குளுக்கோசைப் பாதியில் உடைத்து, கிடைக்கிற இரண்டு பங்கோடு சமாளிக்கும். மிச்சம் இலற்றிக்கமிலமாகிவிடும். காற்றில்லாத இடத்தில் மதுவம் மாவைப் புளிக்க வைப்பதும் இதே குடும்பத்துச் சங்கதிதான்.

நான் படிக்கிற காலத்தில் அந்த அமிலம்தான் தசை நோவுக்குக் காரணம் என்று சொல்லித் தந்தார்கள். இப்போது அதன் தலையில் மட்டும் பழியைப் போடுவதில்லை. இரத்தம் கழுவிக்கொண்டு போகவேண்டிய பலதும் சேர்ந்து தேங்கிவிடுவதால் நோகிறது என்கிறார்கள். இதை வாயால் சொன்னால் பிள்ளைகள் கொட்டாவி விடுவார்கள். அதனால் அவர்களை எழுப்பி, சுவரில் முதுகைச் சாய்த்து, கதிரை இல்லாமலே கதிரையில் இருப்பதுபோல இருக்கச் சொல்வேன். இறுகிய தசை தன்னுடைய இரத்தக் குழாயைத் தானே நெரிக்கும். கொஞ்ச நேரத்தில் கால் நடுங்கத் தொடங்கும், "சா ப்ரூல், மடாம்!" என்று கத்துவார்கள். எரியுதாம். எழும்பி நின்றால் எரிவு போய்விடும். அந்த எரிவோடு பாடம் மனதில் ஏறிவிடும். பெற்றோர் ஒருவர் இதுபற்றி முறைப்பாடும் செய்திருக்கிறார், நான் விடவில்லை.

இத்தனையும் படிப்பிக்கிற எனக்கு, கீழ்வீட்டு அண்ணை ஏன் நிற்கிறார் என்பது நெடுநாள் விளங்கவில்லை. கடைவிசர் என்றுதான் நானும் நினைத்தேன். விளங்கிய இடத்தில் கடைகள் இல்லை.

ஒரு மாசி மாதம், லாசாலில் தெரிந்த ஒருவருடைய செத்தவீட்டுக்கு மூன்று பேரும் போய்விட்டு பஸ் தரிப்பிடத்துக்கு நடந்து வந்தோம். அகலமான வீதி. இரண்டு பக்கமும் களஞ்சியக் கட்டடங்களும் கார் நிறுத்துகிற வெட்டைகளும்தான். கண்ணாடி என்று சொல்ல ஒன்றும் இல்லை. குளிர் முகத்தை அறுத்தது. அக்கா வழக்கம்போல முன்னால் போய்விட்டார். அண்ணை திடீரென்று குனிந்தார்.

"நீர் போம் பிள்ளை, சப்பாத்து நாடா அவிண்டு போச்சு. கட்டிக்கொண்டு வாறன்."

நான் நாலடி போய்விட்டுத் திரும்பிப் பார்த்தேன். அவர் போட்டிருந்தது பக்கவாட்டில் சிப் வைத்த பனிச் சப்பாத்து. அதில் நாடாவே இல்லை. இரண்டு கையாலும் கெண்டைக்காலைப் பொத்திப் பிடித்துக்கொண்டு, பல்லைக் கடித்தபடி குனிந்திருந்தார். நான் திரும்பி வந்து பக்கத்தில் நின்றேன். கொஞ்ச நேரத்தில் நிமிர்ந்தார். முகம் பழையபடி ஆகியிருந்தது.

"கன நாளாயோ அண்ணை?"

"என்ன கன நாளாய்?"

"நடந்தால் நோகும், நிண்டால் விட்டிடும். அதுதானே?"

அவர் முன்னால் போகிற அக்காவைப் பார்த்தார். அக்காவின் மெரூன் கோட் தூரத்தில் சின்னதாகத் தெரிந்தது.

"கட்டிப் பிடிக்குது பிள்ளை. ஆரோ கயிறு போட்டு இறுக்கினமாதிரி. நிண்டால் போயிடும். போனால் நடக்கலாம்தானே, அதுக்கென்ன?"

"டொக்டரிட்டப் போகேல்லையோ?"

"போனால் நடக்காதேங்கோ எண்டு சொல்லுவினம். நான் நடக்காட்டி உங்கட அக்கா நடக்கமாட்டா. அவவுக்குச் சீனி ஏறும். அவவின்ர தாய்க்குச் சீனியில கண் போனது தெரியுமோ?" பிறகு குரலைத் தாழ்த்தினார். "அவவுக்குச் சொல்லிப்போடாதேயும். சத்தியம் பண்ணும்."

பஸ் வருகிறது என்று அக்கா அங்கிருந்து கையை ஆட்டினார். சத்தியம் பண்ணிக் கொடுத்துவிட்டுத்தான் ஏறினேன். வேறு என்ன செய்ய? அவர் விடுகிற ஆள் இல்லை.

அதற்குப் பிறகு அந்த வீதியில் அவர் நிற்பதை என்னால் சிரித்துக்கொண்டு பார்க்க முடியவில்லை. மருந்துக்கடை தாண்டியதும் அவருடைய தோள் இறுகுவது எனக்குத் தெரியும். சேலைக் கடைக் கண்ணாடியில் எந்தச் சேலையும் அவர் கண்ணில் பட்டிருக்காது என்றுதான் முதலில் நினைத்தேன். அதுவும் பிழை. உண்மையாகவே எல்லாவற்றையும் பார்த்திருக்கிறார். நோ போகும்வரை மனதை எங்கேயாவது வைக்கவேண்டும்தானே. மனுசன் பொய் சொல்லவில்லை, காரணத்தைத்தான் மாற்றிச் சொன்னார்.

கோடை தொடங்கியபோது வேறொன்றைக் கண்டேன். பின் வளவில் அவர் தக்காளிக் கன்றுக்குத் தண்ணீர் விட்டுக்கொண்டிருந்தார், காலில் செருப்பு. வலது காலின் சின்ன விரல் ஓரம் கறுத்திருந்தது.

"வேலைச் சப்பாத்துக் கடிச்சது. ஆறிடும்."

"எப்ப கடிச்சது?"

"பனி கரையேக்க."

பனி கரைந்து, புல்லு முளைத்து, பக்கத்து வீட்டுக்காரர் அதை இரண்டுமுறை வெட்டியும் விட்டார். ஆறவேண்டிய புண் ஆறவில்லை. நான் டொக்டர் இல்லை, ஆனால் ஆறாத புண்ணுக்கு இரத்தம் போகவில்லை என்று அறிய டொக்டராக இருக்கத் தேவையில்லை. நடக்கிறபோதுதான் அதுவரை காலுக்கு ஒட்சிசன் போதாமல் இருந்தது. இப்போது சும்மா இருக்கும்போதும் போதவில்லை. அந்தக் கால் போய்விடும் என்று எனக்குப் பயம் பிடித்தது. அவரிடம் அப்படியே சொன்னேன், கத்தியே சொன்னேன்.

"பேந்து பாப்பம் பிள்ளை. அக்காவின்ர சீனி இப்பதான் இறங்கியிருக்கு. இந்த நேரம் குழப்பக்கூடாது."

"கால் போனால் பேந்து ஆர் அவவை நடக்கக் கூட்டிக்கொண்டு போறது?"

அவர் கன்றுப் பக்கம் திரும்பினார். தக்காளியில் ஒரு பழுத்த இலையைத் தேடிப் பிடித்துக் கிள்ளினார். அடுத்த நாளிலிருந்து வீட்டுக்குள்ளும் காலுறை போடத் தொடங்கிவிட்டார். மொன்றியல் கோடையில், புழுக்கத்தில், கம்பளிக் காலுறை. அக்கா கேட்டதற்கு, நிலம் குளிருது என்றாராம்.

அக்காவிடம் சொல்லமாட்டேன் என்று நான் சத்தியம் பண்ணியிருந்தேன். பாடம் எடுக்கமாட்டேன் என்று பண்ணவில்லை.

சனிக்கிழமை பின்னேரம் அவர்களுடைய குசினி மேசையில் தேத்தண்ணி குடிக்கப் போனேன். அக்கா பிரஷர் பார்த்துக்கொண்டிருந்தார். மகள் நேர்ஸ் வேலைக்குப் படித்தபோது வாங்கிய பழைய கருவி. கையில் பட்டியைச் சுற்றி, ரப்பர்ப் பந்தை அமத்திக் காற்று ஊதவேண்டும். அண்ணை யன்னலோரக் கதிரையில், காலுறை போட்ட காலைக் கதிரைக்குக் கீழே இழுத்து வைத்துக்கொண்டு இருந்தார்.

"அக்கா, என்ர வகுப்புக்கு ஒரு சோதனை யோசிச்சு வைச்சிருக்கிறன். உங்களில செய்து பாக்கட்டோ?"

"செய், செய். நீ வந்தால் என்னத்தையாவது செய்யாமல் போகமாட்டாய்."

பாத்திரம் கழுவுகிற புதுப் பஞ்சு ஒன்றை அவருடைய கையில் கொடுத்து, அமத்தி அமத்தி விடச் சொன்னேன். பட்டியில் காற்று இல்லை. அக்கா அமத்திக்கொண்டே கதைத்தார்.

"றொட்டிக்கு மாக் குழைக்கிற கையடி இது. ஞாயிற்றுக்கிழமை பூசை வரைக்கும் அமத்துவன்."

"சரி, இப்ப காத்து ஊதப் போறன். இரத்தம் கீழ இறங்காது. கொஞ்ச நேரம்தான். நீங்கள் முந்தினமாதிரியே அமத்துங்கோ."

நன்றாக இறுக்கி ஊதினேன். அக்கா சிரித்தபடி தொடங்கினார். கொஞ்சத்தில் கதை நின்றது. பிறகு உதட்டைக் கடித்தார்.

"என்னடி இது... உள்ளுக்குக் கட்டிப் பிடிக்குது. விடு, விடு, ஐயோ!"

ஆணியைத் திருகிக் காற்றை விட்டேன். வெளிறிப்போயிருந்த கை சிவந்தது. அக்கா விரல்களை விரித்துப் பார்த்தார்.

"இப்ப ஒண்டுமில்லை. எங்க போச்சு அந்த நோ?"

"இரத்தம் வந்திட்டுது, அதுதான். இரத்தம் இல்லையெண்டால் தசைக்கு ஒட்சிசன் இல்லை. ஒட்சிசன் இல்லாமலும் அது கொஞ்ச நேரம் வேலை செய்யும் அக்கா. பேந்து நோகும். விட்டால் சரியாகும். திரும்ப வேலை செய்தால் திரும்ப நோகும்."

"கையில மட்டுமோ உப்பிடி?"

"காலிலயும்தான். காலுக்குப் போற குழாய் அடைச்சுக்கொண்டு வந்தால், கொஞ்சத் தூரம் நடக்கலாம், பேந்து நோகும். நிண்டால் விட்டிடும். திரும்பக் கொஞ்சத் தூரம் நடக்கலாம்."

அக்கா கெட்டிக்காரி. பஞ்சை மேசையில் வைத்தார். யன்னல் பக்கம் திரும்பினார்.

அண்ணை பஞ்சைப் பார்த்துக்கொண்டிருந்தார். "உது நல்ல பஞ்சுபோல கிடக்கு," என்றார். "எந்தக் கடையில வாங்கினது?"

"காலைக் காட்டுங்கோ."

"எந்தக் காலை?"

"கலியாணக் கடையில நிக்கிற காலை."

அவர் என்னைப் பார்த்தார். நான் தேத்தண்ணிக் கோப்பைக்குள் பார்த்தேன். அக்கா எழுந்துபோய் நிலத்தில் இருந்து, தானே காலுறையைக் கழற்றினார். விரல் இப்போது அடிவரைக்கும் கறுத்திருந்தது. அக்கா கத்துவார் என்று எதிர்பார்த்தேன், கத்தவில்லை. பாதத்தை இரண்டு கைக்குள்ளும் வைத்துக்கொண்டு அப்படியே இருந்தார். "ஐஸ்மாதிரிக் கிடக்குது," என்றார் மெதுவாக.

"ஏன் எனக்குச் சொல்லேல்லை?"

"சொன்னால் நீர் நடக்கமாட்டீர்."

"நான் நடக்கிறதுக்கு உங்கட காலைத் தின்னுறதோ?" என்று சொல்லி அக்கா அழத் தொடங்கினார். அந்த நேரம் பார்த்து மணிக்கூடு தொழுகைக்குக் கூப்பிட்டது. ஒருவரும் சிரிக்கவில்லை.

அன்றே ஆஸ்பத்திரிக்குப் போனோம். மொழிபெயர்க்க நானும் போனேன். ஒரு இளம் டொக்டர், குரலில் கொஞ்சமும் அவசரம் இல்லாத பெண். அண்ணையின் கையிலும் கணுக்காலிலும் மாறிமாறிப் பட்டியைக் கட்டி அழுத்தம் பார்த்தார். கையில் இருந்ததில் பாதிகூடக் கணுக்காலில் இல்லை. சிகரட் எத்தனை வருடம் என்று கேட்டார். அண்ணை சொன்னதை நான் பிரெஞ்சில் சொன்னபோது எனக்கே வெட்கமாக இருந்தது. இன்னும் பிந்தியிருந்தால் முழங்காலோடு எடுப்பதைப் பற்றித்தான் கதைத்திருப்போம் என்றார் டொக்டர். தொடையால் கம்பி விட்டு, அடைத்த குழாயை விரித்துவிட்டார்கள். கால் தப்பியது, அந்தச் சின்ன விரல் தப்பவில்லை. அன்றோடு சிகரட்டும் போனது. விரலைவிட அதற்குத்தான் அண்ணை கூடக் கவலைப்பட்டார் என்று அக்கா சொல்லித் திரிந்தார்.

வீட்டுக்குப் போகிற நாளன்று டொக்டர் வந்து, இனி என்ன செய்யவேண்டும் என்று சொன்னார். கேட்டதும் நான் சிரித்துவிட்டேன்.

"என்னவாம்?" என்றார் அண்ணை.

"காயம் ஆறினபிறகு ஒவ்வொரு நாளும் நடக்கட்டாம். நோகுமட்டும் நடக்கட்டாம். நொந்தால் நிக்கட்டாம். நோ போனால் திரும்ப நடக்கட்டாம். அப்பிடி நடந்தால்தானாம் அடைச்ச குழாய்க்குப் பக்கத்தால சின்னச் சின்னக் குழாய் வளருமாம். வாற கொஞ்ச ஒட்சிசனை வைச்சுக் கூட வேலை செய்யத் தசையும் பழகுமாம்."

"திரும்பச் சொல்லும் பிள்ளை."

திரும்பச் சொன்னேன். அவர் கட்டிலில் நிமிர்ந்து இருந்து அக்காவைப் பார்த்தார். தேர்தலில் வென்றவர் பார்க்கிற பார்வை. "கேட்டீரோ?" என்றார். "நான் மருந்துதான் செய்துகொண்டு திரிஞ்சிருக்கிறன்."

"சிகரட்டும் மருந்தோ?" என்றார் அக்கா. அதோடு வெற்றி முடிந்தது.

இலையுதிர் காலத்தில் இருவரும் மறுபடி வீதிக்கு வந்தார்கள். அக்கா இப்போது முன்னால் போவதில்லை. அண்ணை நிற்கும்போது தானும் நிற்பார். ஆனால் சும்மா நிற்க அவருக்கு வராது. நின்ற இடத்தில் அவரைப் பேசத் தொடங்குவார். எத்தனையோ வருடத்துக் கணக்கு, மாமியார் சொன்ன சொல்லிலிருந்து மணிக்கூடு வரை. நோ போனதும் அண்ணை நடக்கத் தொடங்குவார், பேச்சும் நிற்கும். எங்கள் வீதியில் சேலைக் கடைக்காரப் பெண்ணுக்கு இவர்களுடைய குடும்பக் கதை பாதி தெரியும், மீதி கைபேசிக் கடைக்காரருக்குத் தெரியும்.

ஆனால் வெளி ஆட்களிடம் அண்ணை அப்போதும் வாய் திறக்கவில்லை. யாராவது கண்டு நலம் விசாரித்தால், அக்காவுக்குக் கொஞ்சம் களை, அதுதான் நிற்கிறோம் என்பார். அக்கா பல்லைக் கடித்துக்கொண்டு நிற்பார். விரல் எடுத்ததுகூடக் கோவில் ஆட்களுக்குத் தெரியாது. தன் உடம்பால் முடியவில்லை என்று ஒரு மனுசனிடமாவது அவர் சொல்லமாட்டாரா என்று எனக்கு எரிச்சலாக இருக்கும். இவர் ஒளித்த ஒளிப்பில்தான் கால் போகப் பார்த்தது. அது புரியாமல் இன்னும் ஒளிக்கிறாரே என்று நினைப்பேன்.

அடுத்த வருடம் பெரிய வெள்ளியன்று அக்கா என்னையும் சிலுவைப்பாதைக்குக் கூப்பிட்டார். அவர்களுடைய தமிழ்ப் பங்கு மக்கள் ஒவ்வொரு வருடமும் வீதியால் ஊர்வலம் போவார்கள். நிலை என்று குறித்த பதினான்கு இடங்களில் நின்று செபித்து, பிறகு அடுத்த இடத்துக்குப் பாட்டோடு நடப்பார்கள். ஆண்கள் மாறிமாறிப் பெரிய மரச்சிலுவையைத் தோளில் சுமப்பார்கள். அண்ணைக்கு அளவெடுத்துத் தைத்த ஊர்வலம் இது. முந்திய வருடங்களில் நிலைகள் கிட்டக்கிட்ட இருக்கிற பகுதியைத் தனக்கென்று கேட்டு வாங்கிவிடுவாராம். செபம் முடிந்த பிறகும் அவர் கண்மூடி நிற்பதைப் பார்த்து, என்ன பக்தி என்று பெண்கள் சொல்வார்களாம். அக்காவே அப்படி நம்பியிருந்தவர்தான்.

இந்தமுறை நீண்ட தூரம் சுமக்க இருந்தவருக்குக் காய்ச்சல். ஃபாதர் கூட்டத்தைப் பார்த்து, "அண்ணை, நீங்கள் பிடிக்கிறியளோ?" என்றார். அக்கா என் கையைக் கிள்ளினார். அண்ணை போய்ச் சிலுவையைத் தோளில் வாங்கினார்.

அது ரயில் பாதை ஓரமாகப் போகிற நீளமான வீதி. ஓரத்தில் அழுக்குப் பனி இன்னும் கிடந்தது. முன்னால் பொலிஸ் கார் ஊர்ந்தது. அதன் பின்னால் அண்ணை, பிறகு ஃபாதர், பிறகு பாடுகிறவர்கள், அவர்களுக்குப் பின்னால் நாங்கள். மருந்துக்கடைத் தூரத்தை அவர் தாண்டிவிட்டார். அதன்பிறகும் போனார். அவருடைய வலது கால் இழுபடத் தொடங்கியது எனக்குத் தெரிந்தது. அடுத்த நிலை வீதியின் மறுமுனையில் இருந்தது. அக்கா பாட்டை நிறுத்திவிட்டு வாய்க்குள் முணுமுணுத்தார். செபமா பேச்சா என்று தெரியவில்லை. இப்போது குனிவார், சப்பாத்தைப் பார்ப்பார், சிலுவை வழுக்குது என்பார், ஏதாவது ஒன்று சொல்லித் தப்புவார் என்று நான் காத்திருந்தேன்.

அவர் நின்றார். ஃபாதர் கிட்டத்தட்ட முட்டிக்கொண்டார். ஒலிபெருக்கி ஃபாதரின் கையில் இருந்ததால், அண்ணை திரும்பிச் சொன்னது ஊர்வலம் முழுவதற்கும் கேட்டது.

"எனக்குக் கால் நோகுது ஃபாதர். என்னால இப்ப ஏலாது. கொஞ்சம் நிண்டால் விட்டிடும்."

பாட்டு ஒவ்வொரு வரிசையாக அடங்கியது. ஒரு இளைஞன் சிலுவையை வாங்க ஓடினான். அண்ணை கையைக் காட்டி வேண்டாம் என்றார். பொலிஸ் கார் தூரத்தில் போய், பின்னால் ஒருவரும் வராததைக் கண்டு அதுவும் நின்றது. அக்கா என் கையை விட்டுவிட்டு வரிசைகளுக்கு நடுவால் முன்னே போனார். அண்ணைக்குப் பக்கத்தில் போய் நின்றார், ஒன்றும் பேசவில்லை.

ஒரு பக்கம் கம்பிவேலி. மறுபக்கம் ஒரு நீளச் சுவர். பார்ப்பதற்கு அங்கே எதுவும் இல்லை. அண்ணை சும்மா நின்றார், நாங்கள் எல்லோரும் அவர் நடக்கத் தொடங்கும்வரை நின்றோம்.